முன்னாடி நின்ன ஆளு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

சிகாகோ பக்கம் இருக்கேன், அமெரிக்கன் ஃபுட்பால்ல சிகாகோ பேர்ஸ் டீம் ரசிகன், அனுதாபம் வேண்டாம். 2024ல புது குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்த நடத்துற ஆளு) கேலப் வில்லியம்ஸ முதல் மேட்ச்லேர்ந்தே எறக்கி விட்டாங்க, 68 சாக் வாங்கினான், அதாவது பந்த வீசுறதுக்குள்ள 68 தடவ அவன சாய்ச்சுட்டாங்க, ஒரு வருஷம் பெஞ்ச்ல வச்சிருக்கலாமோன்னு அப்ப தோணுச்சு. ஆனா இப்ப வீட்டுல கதை உல்டா. பையன் பத்தாவது, ஸ்கூல் ஜேவி டீம்ல (ஜூனியர் டீம்) ரெண்டாவது குவார்ட்டர்பேக். கோச் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கங்கிறார். கிணத்துல தள்ளி விட்டாத்தானே நீச்சல் வரும்? ஸ்டார்ட் பண்ண விடுற வேற ஸ்கூலுக்கு மாத்திடலாமா? கோச்சுக்கு ஒரு காட்டமான மெயிலும் எழுதி வச்சிருக்கேன். இல்ல ஆரன் ராட்ஜர்ஸ் மாதிரி உக்காந்து கத்துக்கிறதுதான் சரியா? பிரைஸ் யங்குன்னு இன்னொரு குவார்ட்டர்பேக் இருக்கான், அவன் பத்தியும் சொல்லுங்க.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஃபுட்பால் கடிதத்துக்கு நான் பதில் போடுறதில்ல, இங்க படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஃபுட்பால்னா காலால ஒதைக்கிறது. ஆனா நீங்க ராட்ஜர்ஸ் பேர எழுதிட்டீங்க, அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு அலெக்ஸ் ஸ்மித்துன்னு இன்னொரு குவார்ட்டர்பேக் ஞாபகம் வந்துடும், கொஞ்ச நாளாவே அவன் நெனப்பாத்தான் இருக்கேன்.

மொதல்ல அந்தக் கிணத்த முடிச்சுடறேன். எந்த ஊர்ல தம்பி சும்மா தள்ளி விட்டாங்க? எங்க ஊர்ல முதுகுல சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்க, கூடவே மாமாவோ சித்தப்பாவோ தண்ணிக்குள்ள நிப்பாங்க. அதெல்லாம் விட்டுட்டு தள்றத மட்டும் ஞாபகம் வச்சிருக்கீங்க பாருங்க.

2005 டிராஃப்ட்ல (டீம்கள் காலேஜ் பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்கிற நாள்) முதல் ஆளா சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது ஸ்மித்த. ராட்ஜர்ஸ் அந்தக் கூடத்துல கோட் சூட்டோட மணிக்கணக்கா உக்காந்திருந்து 24வது ஆளா க்ரீன் பேக்குப் போனான். அங்க ஏற்கனவே பெரிய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் இருந்ததால 3 வருஷம் பெஞ்ச், 2008ல ஸ்டார்ட், 2010 சீசன்ல சூப்பர் பௌல்ங்கிற லீக் ஃபைனல ஜெயிச்சான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, உங்க கோச்சும் இதத்தான் சொல்லியிருப்பார். ஸ்மித்துக்கு அப்ப 21 வயசு. அக்டோபர்லயே எறக்கிட்டாங்க, முதல் ஸ்டார்ட் இண்டியானாபோலிஸோட, 4 இன்டர்செப்ஷன் (வீசின பந்த எதிராளி பிடிச்சுக்கிறது). சீசன் முடிஞ்சப்ப கணக்கு 1 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். பையன் வேஸ்ட்டுன்னு பேப்பர்காரன்லேர்ந்து பார்பர் வரைக்கும் சொல்லிட்டான்.

ஒருத்தனும் பாக்காத விஷயம் என்னன்னா முதல் 7 வருஷத்துல ஸ்மித்துக்கு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு அஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குற ஆட்டத்த வகுக்கிற கோச். ஒவ்வொருத்தர் வரும்போதும் புது பாஷை. டிவில பாத்தா இது புரியாது, பக்கத்துல போய்ப் பாக்கணும். ஒரு பிளே, அதாவது ஒரு தடவ பந்த எடுத்து ஆடுறது, முடிஞ்சதும் 40 செகண்ட் கிளாக் ஓட ஆரம்பிக்கும், ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர்ல கோச் அடுத்த பிளேய நீளமா ஒப்பிப்பார், கிளாக்ல 15 செகண்ட் இருக்கும்போது அந்த ரேடியோ தானா கட் ஆயிடும், அதுக்கப்புறம் குவார்ட்டர்பேக் தனி ஆளு. எதிர்ல நடுவுல நிக்கிற லைன்பேக்கர் எவன்னு கை காட்டணும், அவன 'மைக்'ம்பாங்க, அத வச்சுத்தான் அவனுக்கு அரணா முன்னாடி நிக்கிற அஞ்சு லைன்மேனும் யாரு யார மறிக்கிறதுன்னு முடிவாகும், ஆள் தப்பிப் போச்சுன்னா ஒரு மலை எந்தத் தடையும் இல்லாம ஓடி வந்து விலாவுல எறங்கும். இத மூளையால செய்ய நேரம் கெடையாது, பழக்கத்தால செய்யணும், அந்தப் பழக்கத்தத்தான் வருஷா வருஷம் அழிச்சு அழிச்சு எழுத வச்சாங்க. வேடிக்கை என்னன்னா ஸ்மித்தோட முதல் கோஆர்டினேட்டர் மைக் மெக்கார்த்தி ஒரே வருஷத்துல க்ரீன் பேக்கு ஹெட் கோச்சா போயிட்டார், ராட்ஜர்ஸ வளத்தது அவர்தான்!

அதனால உக்கார வைக்கிறதா ஆட விடுறதான்னு கேக்கிறதே அரைகுறைக் கேள்வி. பெய்ட்டன் மானிங் 1998ல முதல் நாள்லேர்ந்து ஆடி 28 இன்டர்செப்ஷன் போட்டான், டீம் 3 ஜெயம் 13 தோல்வி, அடுத்த வருஷமே 13 ஜெயம் 3 தோல்வி. ஹூஸ்டனோட சி.ஜே. ஸ்ட்ரௌட், வாஷிங்டனோட ஜேடன் டேனியல்ஸ் எல்லாம் ரூக்கியாவே, அதாவது முதல் வருஷத்துலயே, பிளேஆஃப் ஜெயிச்சாங்க. அதே ஹூஸ்டன்ல 2002ல டேவிட் கார் 76 சாக் வாங்கினான், புது டீம், லைனே கெடையாது, அப்புறம் அவன் தேறவே இல்ல. உங்க வில்லியம்ஸ் வாங்கின 68ம் அந்த ரகந்தான். அந்த ஒரே சீசன்ல கோஆர்டினேட்டரையும் தூக்கினாங்க ஹெட் கோச்சையும் தூக்கினாங்க. 2025ல பென் ஜான்சன் ஹெட் கோச்சா வந்தார், லைன்ல நடு மூணு பேரையும் மாத்தினாங்க, டிவிஷனே ஜெயிச்சீங்க. அவன பெஞ்ச்ல வச்சிருந்தா மட்டும் அந்த லைன் நல்லா ஆகியிருக்குமா?

பெஞ்ச்ல உக்காந்தா தானா ஞானம் வந்துடும்ங்கிறதும் சும்மா. வாரத்துல ப்ராக்டிஸ் பூரா ஸ்டார்ட்டருக்கு, ரெண்டாவது ஆளு எதிர் டீமோட பிளேய நடிச்சுக் காட்டிட்டு வருவான். டீம்காரங்க அவசரப்படுறதும் காசுக்குத்தான், லீக்கும் ஆட்டக்காரங்க சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கப்புறம் டிராஃப்ட்ல முதல் ரவுண்ட்ல எடுத்த பையன் 4 வருஷம் மலிவு, அந்த மலிவு தீர்றதுக்குள்ள கறந்துடணும்.

பெஞ்ச்ல எதாவது கெடைக்கிதுன்னா அது முன்னாடி நிக்கிற ஆளப் பொறுத்தது, இங்கதான் நான் மறுபடி ஸ்மித்துக்கு வர்றேன். 2017ல நான் கன்சாஸ் சிட்டி பக்கம் வேலைல இருந்தேன், ஸ்மித் அப்ப அந்த ஊர் டீமோட குவார்ட்டர்பேக், ஆஃபீஸ்ல ஸ்மித்துன்னா நக்கல், பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் பந்து போடுவான்னு. அந்த ஏப்ரல் டிராஃப்ட்ல டீம் 10வது எடத்துக்குத் தாவிப் போய் பேட்ரிக் மஹோம்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக்க எடுத்தாங்க, அதாவது ஸ்மித்தோட சீட்டுக்கு ஆள் வந்தாச்சு, ஊருக்கே தெரியும். செப்டம்பர்ல முதல் மேட்ச், பேட்ரியாட்ஸ் ஊர்லயே, ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்ல பாத்தோம். ஸ்மித் 368 யார்ட், 4 டச்டவுன், 42-27ன்னு ஜெயிச்சாங்க. டைரீக் ஹில்லுக்கு 75 யார்டுக்கு ஒண்ணு விட்டான் பாருங்க, அவன் ஷார்ட் பாஸ் பத்தி தினம் லெக்சர் குடுக்கிற ஆளு சிப்ஸ் கையோட அப்படியே நின்னுட்டார், அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு "எப்படியும் அடுத்த வருஷம் பையன்தான்" அப்படின்னார். எனக்கு அவர அடிக்கணும் போல இருந்துச்சு.

அந்த வருஷம் லீக்லயே பாஸர் ரேட்டிங்ல (பாஸ் போடுற தரத்துக்கான மார்க்) ஸ்மித்துதான் முதல், 104.7. அந்த வருஷம் பூராவும் மஹோம்ஸ கூடவே வச்சுக்கிட்டு தான் எப்படித் தயாராகுறேன்னு எல்லாத்தையும் தொறந்து காட்டியிருக்கான், மஹோம்ஸே பலதடவ சொன்னது. சீட்ட எடுத்துக்கப் போறவனுக்கு! தனக்கு 21 வயசுல ஒருத்தன் செய்யாதத ஒருத்தன் அடுத்தவனுக்குச் செய்யிறான்னா அதுக்கு என்ன மனசு வேணும். ஜனவரியிலயே வாஷிங்டனுக்கு வித்துட்டாங்க. 2018ல மஹோம்ஸ் 50 டச்டவுன், எம்விபி, அதாவது லீக்லயே சிறந்த ஆட்டக்காரன். அதே சீசன்ல நவம்பர்ல ஸ்மித்துக்குக் கால் ஒடஞ்சு, இன்ஃபெக்‌ஷன் ஆகி, 17 ஆபரேஷன், காலே போயிருக்கும், 2020ல திரும்பி வந்து ஆடினான். இப்ப மஹோம்ஸ்னா கோச் ஆண்டி ரீட் பேரச் சொல்லுவாங்க, அவன் படிச்ச டெக்ஸஸ் டெக் காலேஜச் சொல்லுவாங்க, இவன் பேரு அடிக்குறிப்பு.

சரி, உங்க பையன். கடிதத்துல கோச் வர்றார், நீங்க வர்றீங்க, கேலப் வில்லியம்ஸ் வர்றான், உங்க பையன் என்ன சொல்றான்னு ஒரு வரி கூட இல்லையே? அவனுக்கு முன்னாடி ஆடுற பையன் எப்படி, இவன்கிட்ட பேசுறானா, மேட்ச் ஃபில்ம் பாக்கும்போது பக்கத்துல உக்கார விடுறானா, மொதல்ல இதக் கேளுங்க. நல்ல பையனா இருந்தா ஒரு வருஷம் தாராளமா உக்காரட்டும். முசுடா இருந்தா எனக்கு எழுதுங்க, அப்ப ஸ்கூல் மாத்துறதப் பத்திப் பேசலாம். எதுவானாலும் அந்த மெயில இப்பவே டெலீட் பண்ணுங்க, டிராஃப்ட்ல வச்சிருந்தீங்கன்னா ஒருநாள் ராத்திரி கோவத்துல அனுப்பித் தொலைப்பீங்க.

பிரைஸ் யங் பத்தி இப்ப ஆரம்பிச்சா விடிஞ்சுடும். இன்னொரு நாள்.