நரம்பு அழுந்தியிருக்கும்போது மசாஜ் செய்யலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. சரக்கு வேன் ஓட்டுகிறார். மூன்று வாரங்களாக வலது பிட்டத்தில் தொடங்கும் வலி, தொடையின் பின்புறமும் கெண்டைக்காலின் வெளிப்பக்கமுமாக இறங்கிக் கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் சுண்டி இழுக்கிறது. ஸ்கேனில் எல்4–எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள) ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, பிசியோதெரபிக்கும் போகச் சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவரோ, ஏழு நாள் எண்ணெய் போட்டு நீவினால் ஜவ்வு உள்ளே போய்விடும், நரம்பு விடுபட்டுவிடும் என்கிறார். இரவில் நானே தைலம் தேய்த்துவிடுகிறேன். அப்போது சுகமாக இருக்கிறது என்கிறார். தொடரலாமா? அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: தேய்த்துவிடுவதைத் தொடரலாம். ஆனால் எதற்காகத் தேய்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவு இல்லாத வீடுகளில்தான் சுகம் போதாமல் அழுத்தம் கூடுகிறது, அதுவும் போதாமல் முதுகில் ஏறி மிதிக்கும் ஆளைத் தேடிப் போகிறார்கள்.

இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, முதுகுத் தோலிலிருந்து பல சென்டிமீட்டர் ஆழத்தில், தடித்த தசைகளுக்கும் எலும்பு வளைவுக்கும் முன்புறமாக இருக்கிறது. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் வெளியிலிருந்து அழுத்தி அதைத் தொடவும் முடியாது, பிதுங்கியதை உள்ளே தள்ளவும் முடியாது. தள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. பிதுங்கி வெளிவந்த பகுதியை நோய் எதிர்ப்பு அணுக்களே அரித்துச் சுருக்கிவிடுகின்றன. பெரிதாகப் பிதுங்கியவைதான் பல நேரங்களில் கூடுதலாகச் சுருங்குகின்றன என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். நரம்பு வேரைச் சுற்றியுள்ள அழற்சியும் மெல்லத் தணிகிறது. இந்த வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் வேதனை கணிசமாகக் குறைவது இவற்றால்தான். நீவித் தள்ளிச் சரிசெய்தோம் என்று பெயர் வாங்கும் கைகள் பலவும், உடல் தானாகச் செய்த வேலையைத் தம் கணக்கில் எழுதிக்கொள்பவையே. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தும் மிரள வேண்டாம்: 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகுவலியே இல்லாத 40 வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் காணப்படுகிறது.

அப்படியானால் மசாஜால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நரம்பு வேர் புண்பட்டிருக்கும்போது, அந்தப் பகுதி அசையாமல் இருக்க முதுகெலும்பின் இருபுறத் தசைகளும் பிட்டத் தசைகளும் இறுகிக்கொள்கின்றன. நாள் செல்லச் செல்ல இந்த இறுக்கமே ஒரு தனி வலியாகிவிடுகிறது. உங்கள் கை தளர்த்துவது அதைத்தான். இதமான தொடுகை, மூளைக்குச் செல்லும் வலிச் செய்திகளையும் சிறிது நேரம் மட்டுப்படுத்துகிறது. அவர் இரவில் தூங்கவும் காலையில் எழுந்து நடக்கவும் அது உதவினால், மசாஜ் தன் வேலையைச் செய்துவிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இடுப்புவலிக்கும் காலில் இறங்கும் நரம்பு வலிக்கும் மசாஜை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே பரிசீலிக்கச் சொல்கிறது. ஆகவே, மருத்துவர் சொன்ன பிசியோதெரபியை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் நீவலை வைக்காதீர்கள்.

வீட்டில் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வலியில்லாத இடது பக்கமாக அவரைப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டுக்கும் இடையில் ஒரு தலையணை வையுங்கள்; குப்புறப் படுப்பது அவருக்கு இதமாக இருந்தால், வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை போதும். எண்ணெய் எதுவானாலும் சரி, வீட்டிலுள்ள நல்லெண்ணெயே போதுமானது. கை வழுக்கிச் செல்வதற்காகத்தான் எண்ணெய், அது உள்ளிறங்கி நரம்பை அடைவதில்லை. நடு முதுகெலும்பை விட்டு இரண்டு விரல் தள்ளி, கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் விளிம்பு வரை, உள்ளங்கையால் மெதுவாக நீண்ட நீவல்களாகத் தொடங்குங்கள். எலும்பின் மேல் கட்டைவிரலை ஊன்ற வேண்டாம். தசை இளகத் தொடங்கியபின் பிட்டத்துக்கு வந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிசையுங்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். நான்கைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறையுங்கள், காலில் சுண்டி இழுத்தால் அந்த இடத்தை விட்டு உடனே விலகுங்கள். தொடையின் பின்புறத்தில் லேசான நீவல் மட்டும் போதும். மொத்தம் 10 முதல் 15 நிமிடம். முடிந்ததும் அவர் எழுந்து வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கட்டும். படுத்தே கிடப்பது இந்த வலியை ஆற்றுவதில்லை.

செய்வது சரியா, தவறா என்பதை முதுகில் எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பெருவிரல் வரை இறங்கிய வலி கெண்டைக்காலோடு நின்று, பிறகு தொடையோடு நின்று, கடைசியில் இடுப்பில் மட்டும் தங்கினால், இடுப்பில் முன்பைவிடச் சற்று அதிகமாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. மாறாக, தேய்த்தபோது சுகமாக இருந்து, மறுநாள் காலை வலியோ மரத்துப்போதலோ பாதத்தை நோக்கி இறங்கியிருந்தால், அழுத்தம் மிகுந்துவிட்டது அல்லது அவர் படுத்திருந்த நிலை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1956-இல் ஒரு நோயாளி தலைப்பக்கம் உயர்ந்திருந்த மேசையில் குப்புறப் படுத்திருந்து எழுந்தபோது கால் வலி மறைந்திருந்ததைக் கண்ட பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி, இந்த நகர்வையே அடிப்படையாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்; உங்கள் பிசியோதெரபிஸ்டும் இதைத்தான் முதலில் விசாரிப்பார். அதனால் வலி எதுவரை இறங்குகிறது என்பதைத் தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள்.

முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடக்கெடுப்பது, முழங்கையால் பிட்டத்தின் நடுவே ஊன்றுவது, காலை நேராக நீட்டித் தூக்கி இழுப்பது ஆகியவை இப்போது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னது, தொடைத்தசையை இழுத்துவிடுவதாக நினைத்துப் பலர் செய்வது. அதில் இழுபடுவது ஏற்கெனவே புண்பட்ட நரம்பு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் மசாஜ் ஒன்பது வகை; அவற்றுள் முறுக்கலும் இழுத்தலும் உண்டு. ஆகவே சித்த மருத்துவரிடம் போவதானால் பட்டம் பெற்றவரிடம் போங்கள். ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, அவ்விரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பதால் வெப்பத்தில் கவனம் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு பொறுக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. எண்ணெயின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், பாதத்துக்கு ஒத்தடமே வேண்டாம். எரிச்சலூட்டும் தைலம் பூசிய இடத்தின் மேல் வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துவிடும். கெண்டைக்காலையும் விட்டுவிடுங்கள்: மணிக்கணக்காக உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அங்கே இரத்தக்கட்டு உண்டாக வாய்ப்புண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், அது நீவ வேண்டிய கால் அல்ல, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய கால். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் மருத்துவரைக் கேட்காமல் பிசையவே கூடாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அவரைக் குதிகாலால் சில அடி நடக்கச் சொல்லி, வலது முன்பாதம் தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு இரு பெருவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, நீங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். முன்பாதம் தொங்கினாலோ, வலது விரல் இடதைப்போல் எதிர்த்து நிற்காமல் பணிந்தாலோ, மசாஜை நிறுத்திவிட்டு ஓரிரு நாளுக்குள் நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் தடைபடுவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. மணிக்கணக்கில் தாமதித்தாலும் பாதிப்பு நிரந்தரமாகலாம். காய்ச்சல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல், ஆறு வாரமாகியும் வலி குறையவில்லை என்றால், ஊசி அல்லது அறுவை சிகிச்சை தேவையா என்று நிபுணரிடம் கேட்பதற்கு அதுவே சரியான நேரம்.

இனி அவருடைய தொழில். பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டும் வழக்கம் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு பக்கப் பிட்டம் உயர்ந்தபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது, இரவில் நீங்கள் தளர்த்தியதை மறுநாள் பகலில் மீண்டும் இறுக்கிவிடும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். சரக்கு ஏற்றி இறக்குவதை இந்த வாரங்களில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு அழுந்தியிருப்பது வலது காலுக்குப் போகும் நரம்பு, பிரேக்கை மிதிப்பதும் அதே கால்தான் என்பதால், பாதம் மரத்திருந்தாலோ பெருவிரல் பணிந்தாலோ, வலு திரும்பிவிட்டதென்று பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்லும்வரை அவர் வண்டியை எடுக்கக் கூடாது.