எட்டுக் காலும் சுருள வேண்டும்: குரோஷா ஆக்டோபஸ் கேள்வி பதில்

குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, கடல் பிராணி பொம்மை பின்னுவது பற்றிக் கேட்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஆக்டோபஸ்தான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் பதில்களும் அதைச் சுற்றியே. கண்ணியைக் கூட்டுகிற கணக்கு திமிங்கிலப் பொம்மைக்கும் உதவும்.

அக்கா, எனக்கு செயின், சிங்கிள் குரோஷே என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகள் மட்டும்தான் தெரியும். ஆக்டோபஸ் வருமா?

தாராளமாக வரும். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 6 சிங்கிள் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. பிறகு சுற்றுக்கு ஆறாறாகக் கூட்டி 18, 24, 30 என்று போனால் எட்டாவது சுற்றில் 48. ஒவ்வொரு சுற்றையும் மூட்ட வேண்டாம், நிற்காமல் சுற்றிக்கொண்டே போகலாம். சுற்றின் முதல் கண்ணியில் மட்டும் ஒரு ஊக்கு மாட்டி வையுங்கள், எண்ணிக்கை தவறாது.

48 வரை வட்டம் தட்டையாகத்தான் கிடக்கும். கூட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணிக்கு ஒன்றாக ஒரு சுற்று போடுங்கள். ஓரம் லேசாக நிமிரும். இன்னும் இரண்டு மூன்று சுற்றில் கிண்ணம் மாதிரி குழிந்து, விரல் நுனிகளை உள்ளே விட்டால் தலை கையில் உட்காரும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள், கொஞ்சம் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

உள்ளே வைத்த பஞ்சு சந்து வழியாக எட்டிப் பார்க்கிறது. என் கை தளர்வா?

ஊசி பெரிதாக இருக்கும். நூல்கண்டின் தாளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருப்பது ஸ்வெட்டர், ஷால் போன்றவற்றுக்கு. பொம்மைக்கு 3 அல்லது 2.5 எடுங்கள். இன்னொன்று: நூலை ஊசிக்கு மேலே சுற்றி எடுத்தால் கண்ணி 'வி' மாதிரி விழும். ஊசியைக் கொண்டு நூலை மேலிருந்து கொக்கி போட்டு இழுத்தால் சின்ன 'எக்ஸ்' மாதிரி, இறுக்கமாக விழும். முதல் சில சுற்றுக்கு விரல் வலிக்கும், பிறகு பழகிவிடும்.

மேடம், கால்கள் ரிப்பன் மாதிரி நேராகவே தொங்குகின்றன. 50 செயின் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் போட்டேன்.

ஒன்று போட்டால் சுருளாது. ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று போடுங்கள். நடுத்தண்டு அதே நீளம்தான், ஆனால் ஓரத்தில் அதைப் போல மூன்று மடங்கு கண்ணிகள் நெருக்கியடிக்கின்றன. இடம் போதாமல் ஓரம் வளைந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு செயின் தாண்டியதும் அது தானாகத் திரும்ப ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரியும். தளர்வான சுருள் போதுமென்றால் இரண்டு போதும். முடித்தபின் ஒரு காலை விரலில் சுற்றி விட்டால் சுருள் சீராக நிற்கும்.

இதன் பின்னால் நல்ல கணிதம் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய டைனா டைமினா, லாத்வியாவில் பிறந்தவர், 1997இல் ஹைப்பர்பாலிக் தளம் என்ற, ஓரம் போகப்போக அலையலையாக விரியும் வடிவத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னினார். செய்தது இதைத்தான்: சீரான இடைவெளியில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போவது. ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் இருவரும் 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் அதே முறையில் ஒரு பவளப்பாறையையே பின்னத் தொடங்கினார்கள். பிறகு பல நாட்டுப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பவளமும் கடற்பாசியும் ஓரம் மடிந்து மடிந்து வளர்வது இந்தக் கணக்கில்தான். குரோஷாவும் கடலும் இவ்வளவு பொருந்திப்போவது எனக்கு இன்னும் அலுக்காத சந்தோஷம்.

டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் கொடுக்கிறார்களாமே? நானும் பத்து போட்டு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமா?

2013இல் அங்கே தொடங்கியது உண்மை. குழந்தை மருத்துவக் குழாயைப் பிடித்து இழுப்பதற்குப் பதில் அந்தக் காலைப் பிடித்துக்கொள்கிறது, தொப்புள்கொடி மாதிரி உணர்கிறது என்கிறார்கள். மருத்துவத்தில் நிரூபணமான விஷயமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அந்த வார்டில் கேளுங்கள், வேண்டும் என்றால் மட்டும் ஊசியை எடுங்கள். நூறு சதவீதப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் தாங்க வேண்டும். காலை இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கண்ணும் நூலில்தான். வீட்டில் கைக்குழந்தை தூங்கும் தொட்டிலில் மட்டும் எந்தப் பொம்மையையும் போட்டு வைக்காதீர்கள்.

கண் எங்கே வைப்பது? என்னுடையது கோபமாக முறைக்கிறது.

கண்கள் மேலேயும் கிட்டக்கிட்டவும் இருக்கும். கீழே இறக்கி, நன்றாகத் தள்ளி வையுங்கள், குட்டி முகம் வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள்.

ஒரு வாரமாகப் போடுகிறேன், இன்னும் மூன்று கால் பாக்கி. கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்கிறார் வீட்டுக்காரர். வேகமாகப் போட வழி உண்டா?

ஸ்வெட்டர் பின்ன மிஷின் இருக்கிறது. குரோஷா பொம்மையைப் போட்டுத் தள்ளும் மிஷின் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை. அந்த இருநூறு ரூபாய்ப் பொம்மை உண்மையில் குரோஷா என்றால், அதையும் யாரோ ஒரு பெண் எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகத்தான் போட்டிருப்பார். அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று வீட்டுக்காரரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மற்றபடி, ஒரு கால் போட ஒரு மாலை ஆகிறதா, ஆகட்டும். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த வேலை, அதற்குக் கெடு எதற்கு?

நூல் எவ்வளவு வாங்க வேண்டும் அம்மா?

உள்ளங்கை அளவுக்கு 50 கிராம் கண்டு ஒன்று பெரும்பாலும் போதும். எதற்கும் இரண்டாக வாங்குங்கள், தாளில் சாய எண், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்று காட்டும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து. பிறகு போய்க் கேட்டால் அதே நீலம் கிடைக்காது.