பெடிவியரின் பொய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தாமஸ் மாலரியின் ஆர்தர் அரசன் கதைகளை வாசித்து முடித்தோம். ஒரு வாரமாகச் சண்டை. அரசனின் மனைவியைக் காதலித்த லான்ஸ்லாட்டை மாலரி கடைசிவரை மாவீரன் என்கிறார். அப்படியானால் ஆர்தரின் ஆட்சியைப் பறித்த மகன் மோர்ட்ரெட் மட்டும் துரோகியா? உண்மையான துரோகி யார்? ஆர்தர் நிஜமாகவே இருந்தாரா?

ச.

அன்புள்ள ச.,

ஆர்தர் இருந்தாரா என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விடுங்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை.

'உண்மையான துரோகி யார்?' என்பது பட்டிமன்றத் தலைப்பு. அத்தனை பெரிய புத்தகத்தைப் படித்துவிட்டு மதிப்பெண் போடவா உட்கார்ந்தீர்கள்? மாலரி சிறையில் இருந்து எழுதியவர். தன் விடுதலைக்காக வேண்டிக்கொள்ளும்படி வாசகரிடம் கேட்டவர். 1485இல் அச்சுக்காரர் காக்ஸ்டன் அந்தப் புத்தகத்தை அச்சிட்டபோது மாலரி உயிரோடு இல்லை. அப்படிப்பட்டவர் உங்களுக்குத் தீர்ப்பு எழுதித் தருவாரா? லான்ஸ்லாட்டின் படுக்கையறையை விடுங்கள். அரசியை மீட்கும் தள்ளுமுள்ளில், ஆயுதமில்லாமல் நின்ற கேரத்தை ஆள் தெரியாமல் வெட்டிப்போடுகிறானே, அவன் கையால் வீரப்பட்டம் வாங்கிய பையனை? அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள். மே முதல் நாள் பிறந்த குழந்தைகளைக் கப்பலேற்றிக் கடலில் விடச் சொன்னது ஆர்தர்தான் என்பதையும்.

ஆனால் உங்கள் கடிதத்தில், கடைசிவரை ஆர்தரோடு நின்ற வீரன் பெடிவியரின் பெயரே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். ஒரு மாதமாக அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாலிஸ்பரி போர்க்களத்தில் மோர்ட்ரெட் செத்துக் கிடக்கிறான். தலையில் வெட்டுப்பட்ட ஆர்தரைத் தூக்கப்போய், ஏற்கெனவே காயம்பட்டிருந்த லூக்கனும் விழுந்து சாகிறான். அவன் பெடிவியரின் அண்ணன் தம்பிகளில் ஒருவன். அழக்கூட நேரமில்லை. 'என் வாளைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்து, பார்த்ததைச் சொல்' என்கிறான் அரசன். பெடிவியர் போகிறான். பிடியில் பதித்த கற்கள் கண்ணில் படுகின்றன. மரத்தடியில் ஒளித்துவிட்டுத் திரும்புகிறான்.

'என்ன பார்த்தாய்?'

'அலையும் காற்றும்தான்.'

பொய் என்று அரசனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் தடவையும் இதே கதை. அப்போதுதான் ஆர்தர் அவனைத் துரோகி என்கிறான். கவனியுங்கள், அந்தச் சொல் கடைசியாக விழுவது மோர்ட்ரெட் மேல் அல்ல, கூடவே நின்றவன் மேல். மூன்றாம் தடவை வாளை எறிகிறான். தண்ணீரிலிருந்து ஒரு கை எழுந்து அதைப் பிடித்து, மூன்று முறை சுழற்றிவிட்டு உள்ளே போகிறது.

பேராசை என்று தள்ளிவிடாதீர்கள். எல்லாம் போன பிறகு கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் எறி என்றால்?

என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, தன் நோட்டுப் புத்தகங்களை எரித்துவிடச் சொன்னார். பதினோரு நோட்டு, நீல மை. கொல்லைக்குக் கொண்டுபோனேன். தீப்பெட்டியும் கையில் இருந்தது. பிறகு பரணில் ஏற்றிவிட்டு வந்து, "எரிச்சுட்டேம்ப்பா" என்றேன்.

"புகை எந்தப் பக்கம் போச்சு?" என்றார்.

நான் யோசித்துவிட்டு, "கிணத்துப் பக்கம்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை.