13 முறை தோற்காமல் ஜெயித்தார் கருணாநிதி: பாதுகாப்பான தொகுதி பார்த்து மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணமா?

பாதி உண்மை. ஆனால் 699 என்ற எண்ணைத் தெரிந்துகொண்டால் "பாதுகாப்பான தொகுதி" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

1980 தேர்தல். அண்ணா நகரில் கருணாநிதியை எதிர்த்து அதிமுக சார்பில் டாக்டர் ஹண்டே. என் பெரியப்பா அந்தத் தொகுதி வாக்காளர். எண்ணிக்கை அன்று டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் பேசினாலும் கையை மட்டும் ஆட்டி அடக்கினாராம். கடைசியில் வித்தியாசம் வெறும் 699 ஓட்டு. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தோற்ற ஹண்டே எம்ஜிஆர் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர், ஜெயித்தவர் எதிர்க்கட்சித் தலைவர்! பெரியப்பா இதைச் சொல்லாமல் எந்தக் கல்யாணப் பந்தியிலிருந்தும் எழுந்ததில்லை.

தொகுதி மாறினார் என்பது சரிதான். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று 7 தொகுதிகள். கேரளத்தில் கே.எம்.மாணி அதே 13 வெற்றியையும் பாலா என்ற ஒரே தொகுதியில் வாங்கினார். மண்ணைப் பிடித்து நிற்பதில் மாணி ஒரு படி மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் 1962இல் தஞ்சாவூருக்குப் போனதைப் பாதுகாப்பு தேடிப் போனதாக யாரும் சொல்ல முடியாது. அங்கே எதிரே நின்றவர் காங்கிரஸின் பரிசுத்த நாடார், செல்வாக்கான ஆள். அந்தத் தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார்.

"தோற்கவே இல்லை" என்ற கணக்கில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. 1983இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக எம்எல்ஏ பதவியை ராஜினாமா செய்தார். 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்ஜிஆர் அமெரிக்க மருத்துவமனையில், இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த அனுதாப அலையில் கருணாநிதி போட்டியிடவே இல்லை, அப்போது தமிழ்நாட்டில் இருந்த சட்ட மேலவைக்குப் போய்விட்டார். நின்றிருந்தால் இந்தப் பதிவின் தலைப்பே வேறாக இருந்திருக்கலாம். 1991இல், ராஜீவ் கொலைக்குப் பிறகு திமுக துடைத்தெறியப்பட்டபோது, துறைமுகத்தில் 890 ஓட்டில் தப்பினார். உடனே அதையும் ராஜினாமா செய்தார். ஆக, 13இல் ஒன்று உட்காராத நாற்காலி.

என்னைக் கேட்டால் வெற்றிக் கணக்கைவிட உட்கார்ந்திருந்த கணக்குதான் பெரிது. அறுபது வருடச் சட்டமன்ற வாழ்வில் முதலமைச்சராக இருந்தது ஏறக்குறைய 19 வருடம். மீதியில் பெரும்பகுதி எதிர்வரிசை. எம்ஜிஆர் முதல்வராக இருந்தபோது எதிரே இவர் உட்கார்ந்திருந்தார். இப்போது யோசித்தால் டிக்கெட் போட்டு விற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

1957இல் 32 வயதில் சட்டமன்றத்துக்குள் போனவர் தன் கன்னிப்பேச்சில் எடுத்தது குளித்தலைத் தொகுதியின் நங்கவரம் பண்ணை விவசாயிகள் பிரச்சினையை. 2011க்குப் பிறகு நிலைமை வேறு. சக்கர நாற்காலியோடு அமர வசதி செய்து தரவில்லை என்று அவர் தரப்பில் புகார். சபைக்குள் போகாமல், வளாகத்துக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அப்படியிருந்தும் 2016இல் திருவாரூர் அவருக்குக் கொடுத்த வித்தியாசம் 68 ஆயிரத்துக்கும் மேல்.