இணையக் குற்றங்களைத் தடுக்கச் சர்வதேச ஒப்பந்தங்கள் உண்மையில் உதவுகின்றனவா?

ஓரளவுக்கு உதவுகின்றன, குற்றத்தைத் தடுப்பதைவிட, நடந்த குற்றத்தின் தடயத்தைக் காப்பதிலேயே அவற்றின் பயன் அதிகம். எவையெல்லாம் குற்றம் என்பதில் நாடுகள் ஒத்துப்போய், விசாரணையில் ஒன்றுக்கொன்று உதவுவதாக எழுத்தில் தரும் உறுதியே இத்தகைய ஒப்பந்தம்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர், "உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது" என்று கைப்பேசிக்கு வந்த இணைப்பை அழுத்திப் பணத்தை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றியவர் ஒரு நாட்டிலும் அவர் பயன்படுத்திய சேவையகம், அதாவது அந்த இணைப்பின் பக்கத்தைத் தாங்கும் கணினி, இன்னொரு நாட்டிலும் இருக்கலாம். இலங்கைப் பொலிசாரின் அதிகாரமோ நம் கரையோடு நின்றுவிடும். கள்வன் வேலி பாய்ந்து அடுத்த வளவுக்குள் இறங்கிவிட்டால், அந்த வீட்டுக்காரர் படலையைத் திறந்தால்தான் நாம் உள்ளே போகலாம். அப்படித் திறப்பதாக முன்கூட்டியே பேசிவைப்பதுதான் ஒப்பந்தம்.

இணையக் குற்றங்களுக்கான இத்தகைய ஒப்பந்தமாக 2001இல் கையெழுத்துக்கு வந்த புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015இல் இணைந்தது. அதன்படி ஒவ்வொரு நாடும் இரவு பகலாக இயங்கும் தொடர்பு மையம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். சேவையகப் பதிவுகளை அழியவிடாமல் வைத்திருக்குமாறு அவசரமாகக் கோரவும் முடியும். என் பார்வையில் அதன் பெரும் பலம் இதுவே, ஏனெனில் அத்தகைய பதிவுகளைப் பல நிறுவனங்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. ஆனால் காத்துவைத்த தரவைக் கையில் பெறுவது தனி நடைமுறை. அது மாதக்கணக்கில் இழுபடலாம். இந்தியாவும் ரஷ்யாவும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இணையவேயில்லை. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட புதிய உடன்படிக்கை இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடும், அரசுகளின் கண்காணிப்புக்கு அது வழிவிடும் என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தபோதிலும்.

ஒப்பந்தம் இருந்தால் நம் பொலிசார் வெளிநாடு சென்று கைதுசெய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கைதுசெய்வது அந்த நாட்டுப் பொலிசாரே, அதுவும் அந்நாட்டுச் சட்டப்படி.