நாடகப் பட்டத்தோடு மரபுக் காப்பு வேலைக்குப் போகலாமா?

தங்கச்சி, நாடகத்தில் பட்டம் முடித்துவிட்டு, திருகோணமலையில் இருந்துகொண்டே பழைய கட்டடங்களைக் காக்கும் வேலைக்குப் போகலாமா, கட்டடக்கலை படிக்காதது குறையா என்று கேட்டிருந்தீர்கள். குறையே இல்லை. நாடகம் மேடையேற்றிய உங்களுக்கு வரவுசெலவு, ஆட்கள், அனுமதிக் கடிதம் எல்லாம் பழக்கம். இந்தத் துறையில் பாதி வேலை அதுதான்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள். உங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டை வாசலில் நின்று இரட்டைக் கயல் செதுக்கிய கல்லைப் பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் அந்தக் கோட்டைக்குள் போயின. அப்புறம் உங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை எடுத்து, கதவு, கூரை வளை, ஓடு, சாந்து என்று அளந்து, படமெடுத்து, திகதியோடு எழுதுங்கள்.

சாந்து என்றதும் நினைவு வருகிறது. என் முதல் வேலையில் சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூச விட்டுவிட்டேன். ஈரம் வெளியேற வழியில்லாமல், அடுத்த மாரிக்குப் பிறகு உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. இன்றும் மனம் வலிக்கிறது.

படிப்புக்கு, களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்லியல் பட்டப்பின் நிறுவகத்தில் விசாரியுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை இப்போதே வாசியுங்கள். சிங்களமும் படியுங்கள், கோப்புகளுக்குக் கட்டாயம் வேண்டும். அந்த வீட்டுக் குறிப்பு முடிந்ததும் இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.