காலிக் குடம் கண்டால் அத்தைக்கு ஆகாது

கேள்வி: நாங்கள் அயனாவரத்தில் ஒரு அப்பார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பதினோரு மாதப் பையன். கீழே சம்ப், மேலே டேங்க். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும். ஆனாலும் அத்தை விடியற்காலை நான்கரைக்கே எழுந்து எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறார். எட்டுக் குடம், ஆறு பக்கெட், இரண்டு அண்டா. சில நாள் குக்கரும் டிபன் பாக்ஸும்கூட. மறுநாள் காலையில் “பழைய தண்ணி” என்று அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கிறார். பாத்ரூமில் நின்று குளிக்க இடமில்லை. பையன் வேறு பக்கெட்டைப் பிடித்து எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். எங்கள் வீட்டில்தான் தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று அசோசியேஷன் செயலாளர் ஜாடையாகப் பேசுகிறார். டெங்கு பயமும் இருக்கிறது. அத்தைக்கு அறுபத்து நான்கு வயது. கல்யாணமானதிலிருந்து வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருந்தவர். ஏதாவது சொன்னால், “நீ தண்ணிப் பஞ்சத்தப் பாத்ததில்ல” என்கிறார். ஒரு 500 லிட்டர் டேங்க் வாங்கிப் பால்கனியில் வைத்துவிட்டால் அம்மா நிம்மதியாகிவிடுவார் என்பது கணவரின் யோசனை. இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
பெயர் வேண்டாம், அயனாவரம்.

பதில்: டெங்கு, செயலாளர், டேங்க் எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பையன் பக்கெட்டைப் பிடித்து நிற்கிறான் என்பதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். மற்றவற்றை ஒரு மாதம் எடுத்துக்கொண்டு பேசித் தீர்க்கலாம். இது இன்றைக்கே ஆக வேண்டிய காரியம்.

அந்த வயதில் உடம்புக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் குழந்தைக்குத் தானாக எழத் தெரியாது. பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நான்கு விரல் ஆழம் போதும். முகம் தண்ணீரில் அமிழ்ந்திருப்பதால் சத்தம் வராது. பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியாமல் சில நிமிடங்களில் விபரீதம் நடந்துவிடும். அதனால் பாத்ரூம் கதவின் வெளிப்பக்கம் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தரையில் திறந்த பக்கெட், பேசின், வாயகன்ற அண்டா எதுவும் தண்ணீரோடு இருக்கக் கூடாது. குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். சேமிக்கிற தண்ணீர் திருகு மூடி போட்ட டிரம்மில் இருக்கட்டும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பதெல்லாம் மூடியில் சேர்த்தி இல்லை, அவன் தட்டிவிடுவான். இந்த ஒன்றில் மட்டும் அத்தைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். பேரன் விஷயம் என்பதால் அவரும் எதிர்த்துப் பேசமாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, இனி அத்தை.

“நீ தண்ணிப் பஞ்சத்தப் பாத்ததில்ல” என்று அவர் சொல்வதை நீங்கள் குத்தலாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் உள்ளதைத்தான் சொல்கிறார். 2003, 2004-இல் அவர் நாற்பதுகளில் இருந்திருப்பார். குடும்பத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பு முழுக்க அவர் தலையில் இருந்திருக்கும். அந்தப் பஞ்சத்தில் சென்னையின் பெரும்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய நின்றேபோனது. ஊரே மெட்ரோ வாட்டர் லாரியையும் தெருமுனை சின்டெக்ஸ் டேங்கையும் நம்பி இருந்தது. லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நடுராத்திரியில் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். வரிசையில் குடத்தைப் போட்டு இடம்பிடித்து, அது மாறிப்போகாமல் இருக்கக் கழுத்தில் ஒரு கிழிசல் துணியைக் கட்டி, வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்ற கணக்கில் சண்டை போட்டு வாங்கி வந்த தண்ணீர் அது. வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருந்தால் அந்த அளவுக்கு அன்றைக்கு நஷ்டம். டிபன் பாக்ஸை நிரப்பும் பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

2004-இல் வீராணம் ஏரித் தண்ணீர் வந்தது. அப்புறம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அப்பாடா என்று ஊர் மூச்சுவிட்ட நேரத்தில் 2019 வந்து நின்றது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் அந்த ஜூனில் தரை தெரிய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் வந்து நின்றது உங்களுக்குப் பக்கத்து வில்லிவாக்கத்தில். இதையெல்லாம் பார்த்த ஒருவர், குழாயில் தண்ணீர் வருவதை நிரந்தர ஏற்பாடு என்று நம்பவில்லை என்றால் அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கே முழு நம்பிக்கை கிடையாது.

ஆகவே அவர் நிரப்பட்டும். நாம் நிறுத்த வேண்டியது கொட்டுவதைத்தான்.

நீங்கள் கொடுத்த எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். பக்கெட்டையும் அண்டாவையும் சுமாராகச் சேர்த்தால் ஒரு நாளைக்கு 270 லிட்டர் வருகிறது. அத்தனையும் மறுநாள் சாக்கடைக்குப் போகிறது. மாதத்துக்கு 8,000 லிட்டர். 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு லாரித் தண்ணீரை மாதாமாதம் கொட்டுகிறோம் என்ற கணக்கை அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். லாரிக்காகக் காத்திருந்தவருக்கு அது உறைக்கும். “வேஸ்ட் பண்றீங்க” என்று ஆரம்பித்தால் மட்டும் ஒன்றும் நடக்காது.

ஒரு ராத்திரியில் தண்ணீர் பழசாகிவிடுமா என்றால், மூடி வைத்திருந்தால் ஆகாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். பாத்திரம் திறந்திருந்தால் அது சீக்கிரம் பறந்துபோகும். அதன் பிறகு கையை விட்டு மொள்ளும்போது போகும் அழுக்கில்தான் தண்ணீர் கெடுகிறது. எனவே குடிக்கவும் சமைக்கவும் வைக்கிற குடத்துக்கு ஒழுங்கான மூடியும் நீளக் கைப்பிடி போட்ட ஒரு கரண்டியோ செம்போ போதும். அடியில் குழாய் வைத்த டிரம் வாங்கினால் இன்னும் நல்லது, கையே படாது. நேற்றைய குடிதண்ணீர் அத்தைக்கு ஒப்பவில்லை என்றால் போகட்டும், அது இரண்டு குடம்தானே. அதை வாஷிங் மெஷினில் ஊற்றுங்கள், வீடு துடையுங்கள், துளசிக்கு விடுங்கள். மீதியை டாய்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷ் செய்கிற தண்ணீர் நேற்றையதா இன்றையதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

டெங்கு விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் பிடித்து வைத்திருக்கிற சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். உங்கள் அத்தைதான் தினமும் கொட்டிவிடுகிறாரே! அவர் தொடுகிற பாத்திரத்தில் கொசு வளர நேரமே இல்லை. அவர் தொடாத தண்ணீரைத் தேடுங்கள். “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று பின்பக்கம் நிரப்பி வைத்து மறந்த டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தாம்பாளம், மொட்டைமாடியில் யாரோ போட்ட பழைய பெயின்ட் டப்பா. கார்ப்பரேஷன் ஆட்கள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இவற்றைத்தான். கொசுப்புழுவைக் கொல்ல அவர்கள் ஊற்றுகிற அபேட் மருந்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலிசெய்து உள்சுவரை நாரும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். வெறுமனே அலசுவது போதாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மறக்காது.

எவ்வளவு வைக்கலாம்? இரண்டு நாளைக்குத் தாங்கினால் போதும் என்பது என் அபிப்பிராயம். குழாய் நின்றுபோகும் என்ற பயத்தைவிட, கரன்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதற்காகவே வீட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல ஏரியாக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. சம்ப் நிறையத் தண்ணீர் இருந்து என்ன பயன்? வெள்ளம் உள்ளே இறங்கிய சம்ப்களில் இருந்ததும் கெட்டுப்போனது. ஆக, குடிக்கச் சமைக்க மூன்று குடம், டாய்லெட்டுக்கும் கைகால் கழுவவும் மூடி போட்ட ஒரு டிரம். நீங்கள் மூன்று பேரும் குழந்தையும் இரண்டு நாள் சமாளித்துவிடலாம். புயல் எச்சரிக்கை வரும் நாளில் மட்டும் எட்டுக் குடத்தையும் அத்தை நிரப்பிக்கொள்ளட்டும், நீங்களும் கூட நின்று பிடித்துக் கொடுங்கள். மற்ற நாள்களில் மீதிக் குடங்கள் கவிழ்ந்து கிடக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். காலிக் குடம் கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிறவர்களிடம் போய் ஐந்து காலிக் குடத்தை வரிசையாக அடுக்கிக் காட்டாதீர்கள். பரணில் ஏற்றிவிடுங்கள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் நிறைந்தே இருக்கட்டும்.

உங்கள் கணவரின் டேங்க் யோசனை வேண்டவே வேண்டாம். 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. ஏழெட்டுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் நகராமல் நிற்பதற்குச் சமம். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கிலும் பால்கனியை 300 கிலோ என்ற கணக்கிலும்தான் பொதுவாக வடிவமைப்பார்கள். இந்த டேங்க் நிற்கப்போவதோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். அதுவும் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியில். கடற்காற்று அடிக்கிற ஊரில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கட்டட இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்காமல் எந்த டேங்க்கையும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். பரணுக்கும் இதே பேச்சுதான். காலிக் குடம் ஏற்றலாம், தண்ணீரோடு கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் டேங்க் வாங்கித் தரத் தயாராக இருக்கிறாரே தவிர, அம்மாவிடம் உட்கார்ந்து பேசத் தயாராக இல்லை. லாரித் தண்ணீர் காலத்தில் அவரும் அந்த வீட்டுப் பையன்தானே? குடம் தூக்கியிருப்பார், வரிசையில் நின்றிருப்பார். அந்தப் பேச்சை அவர் எடுத்தால் “ஆமாண்டா, ஞாபகம் இருக்கா” என்று அம்மா தொடர்வார். அங்கிருந்து “இப்ப ரெண்டு நாளைக்கு வச்சுக்கலாம்மா, குழந்தை எழுந்து நிக்க ஆரம்பிச்சுட்டான்” என்பதற்கு வருவது சுலபம். நீங்கள் சொன்னால் மருமகள் குறை சொல்வதாகிவிடும். ஆகவே பேசுகிற வேலை அவருடையது. நீங்கள் அன்றைக்கு நல்ல காபி போட்டுக் கொடுங்கள், போதும்.

செயலாளருக்கும் ஒரு வார்த்தை. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் மொட்டைமாடியிலிருந்தும் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அது போய்ச் சேருகிற குழியில் கூழாங்கல்லும் மணலும் சேறடைத்துக் கிடக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. ஐப்பசி மழையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இதை நீங்களே கிளப்புங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஆள் கூப்பிட்டு மாடியைக் கூட்டி, குழியைத் தூர்வாரி, கல்லையும் மணலையும் கழுவிப் போடச் சொல்லுங்கள். மேற்பார்வைக்கு உங்கள் அத்தையை நிறுத்தினால் ஒரு வாளி மண்ணைக்கூட உள்ளே விட்டுவிட்டுப் போக வேலைக்காரர்களை அவர் விடமாட்டார்.